பிள்ளை சுமக்காத நாளிலும் பெண்ணுக்கு ரத்தம் வேண்டும்: தமிழ்நாடு அரசின் சமூக நலத் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும் துறைச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோடு ஒரு மாணவியின் சத்துணவும் முடிந்துவிடுகிறது. போன கல்வியாண்டு வரை தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவள், ஜூனில் அதே பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேர்ந்ததும் அந்த வரிசையில் இல்லை. சமையல்கூடம் அதே இடத்தில்தான் இருக்கிறது. சாம்பார் கொதிக்கிற வாசனை மதியத்துக்கு முன்பே வகுப்புக்குள் வந்துவிடுகிறது. அவளுக்குப் பதினாறு வயது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். வளர்ந்த பெண்ணின் தேவையைவிட இது அதிகம். சரியாக அந்த வயதில்தான் நாம் அவள் தட்டை வாங்கி வைத்துவிடுகிறோம்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். ரத்தச் சிவப்பணு, ஹீமோகுளோபின், இரும்பு எப்படி ஆக்சிஜனைச் சுமக்கிறது என்றெல்லாம் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குவேன். எதிரே உட்கார்ந்து அதைக் குறிப்பெடுக்கும் பெண்களில் பலர் காலையில் வெறும் டீ குடித்துவிட்டு வந்தவர்கள். பிரேயரில் மயங்கி விழுகிறவர்கள் உண்டு. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள் உண்டு. பச்சரிசியையும் சாக்பீஸையும் திருநீற்றையும் ஒளித்து வைத்துத் தின்கிற பெண்களும் உண்டு. உணவல்லாத இப்படிப்பட்டவற்றைத் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களில் ஒன்று. வீட்டில் அதற்குத் திட்டு விழுகிறது, ரத்தப் பரிசோதனை நடப்பதில்லை. சோர்ந்து படுத்தால் சோம்பேறி என்ற பெயரும் வந்துவிடுகிறது.

இது என் வகுப்பறையோடு நிற்கிற விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55. இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவே எத்தனையோ முகாம்கள், எத்தனையோ மாத்திரைகள். எண் அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதே வயது ஆண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 15.3 விழுக்காடு. இத்தனைக்கும் ஆண்களுக்கான அளவுகோல்தான் கடுமையானது. ஆணுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் கீழே போனாலே ரத்தசோகைக் கணக்கில் சேர்ப்பார்கள், பெண்ணுக்கு 12க்குக் கீழே போக வேண்டும். பெண்ணுக்குச் சலுகை தந்து அளந்தும் இவ்வளவு இடைவெளி. இரண்டு பேரும் ஒரே ரேஷன் அரிசியில், ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுகிறவர்கள்.

மாதவிடாய்தானே காரணம், அது இயற்கை என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. இழப்பு இயற்கை, சரி. சாதாரணமாக ஒரு மாதவிடாயில் 30 முதல் 40 மில்லி ரத்தம் போகும். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதனால்தான் வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும் என்றும், பெண்ணுக்கு 29 வேண்டும் என்றும் பரிந்துரை சொல்கிறது. ஆனால் கலோரிக் கணக்கு நேர் எதிர். அதிக உடலுழைப்பு இல்லாத ஆணுக்கு 2,110 கிலோ கலோரி, பெண்ணுக்கு 1,660. அதாவது அவள் சாப்பிடுகிற சோற்றின் அளவு குறைவாக இருக்கும், அந்தக் குறைந்த சோற்றுக்குள் ஆணைவிட ஒன்றரை மடங்கு இரும்பு இருந்தாக வேண்டும். எனவே வீட்டில் பருப்பும் கீரையும் ஈரலும் மீனும் முதலில் போய்ச் சேர வேண்டிய தட்டு அவளுடையது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? மீன் குழம்பு வைத்தால் துண்டு அப்பாவுக்கும் தம்பிக்கும், குழம்பு அம்மாவுக்கும் அக்காவுக்கும். ஆம்பளப் பிள்ளை ஓடியாடி விளையாடுகிறவன், சாப்பிடட்டும் என்பார்கள். தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, பாத்திரம் கழுவி, தம்பிக்கு டிபன் கட்டிவிட்டு ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் விளையாடப் போவதில்லை என்பதால் அவளுக்குக் குறைவாகப் போதும் என்று எல்லோருமே நினைத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியின் அடியில் இருப்பதை அம்மா வழித்துச் சாப்பிடுகிறாள். யாரும் வேண்டுமென்று செய்கிற கொடுமை இல்லை இது. அம்மாவே பரிமாறுகிறாள், அம்மாவே தனக்கு இல்லாமல் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் பரிமாறியிருப்பாள்.

அப்படியானால் நம் வீடுகள் பெண்ணுக்கு நல்ல சாப்பாடு போடுவதே இல்லையா? போடுகின்றன. பெண் பெரியவளானால் உளுந்தங்களியும் நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் தேடித்தேடிக் கொடுப்பார்கள். தாய்மாமன் வீட்டிலிருந்து தனியாக வரும். வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டால் கறிக்கடையில் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலைச் சொல்லி வைத்து வாங்குவார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் கருவாடும் பத்தியச் சாப்பாடும் தனி அடுப்பில் வேகும். எது ரத்தம் ஊறும் சாப்பாடு என்று நம் பாட்டிகளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த அறிவு ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எப்போதெல்லாம் வெளியே வருகிறது என்று பாருங்கள். கருப்பை தயாரானபோது வருகிறது, கருப்பை நிறைந்தபோது வருகிறது, பெற்ற பிள்ளைக்குப் பால் வேண்டும் என்கிறபோது வருகிறது. மற்ற வருடங்களில் அவள் தட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இதுதான்: அரசும் அதே கணக்கைத்தான் பின்பற்றுகிறது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு. பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு, வாரத்துக்கு ஐந்து முட்டை. அப்புறம் நீண்ட மௌனம். அடுத்து அரசு அவளைத் தேடி வருவது அவள் கர்ப்பமானபோது. உடனே கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் தருகிறார்கள். ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 2018 முதல் பணமும் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி. பெட்டகத்தில் பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக். அங்கன்வாடியில் சத்துமாவு. சமுதாய வளைகாப்பில் வளையலும் கலவை சாதமும். 2022இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்திலும் பெட்டகம் பெறுகிற பெண்கள் கைக்குழந்தையின் தாய்மார்கள்தான். பிறகு இரண்டாவது பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் என்கிறது அதே கணக்கெடுப்பு. ஆண்களின் கருத்தடை அறுவை 0.1 விழுக்காடு. நம் ஊரில் பலருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே அந்த ஆபரேஷன் முடிந்துவிடுகிறது. அதோடு அரசின் பதிவேடுகளில் அவள் பெயரும் முடிந்துவிடுகிறது. மாதவிடாய் நிற்க இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறது.

இந்தத் திட்டங்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வெயிலிலும் மழையிலும் நடந்து கட்டியெழுப்பியது அது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் நம் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. காரணம், அவர்கள் கர்ப்பத்துக்கே காலியாக வந்து சேர்கிறார்கள். பூப்பெய்திய நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடங்கள் மாதாமாதம் வற்றிய கிணற்றில் 180 நாள் மாத்திரையை ஊற்றி நிரப்பப் பார்க்கிறோம். அதுவும் வயிற்றுப் பிள்ளை தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும்போதே.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்வார்கள்: தாய்க்கு ரத்தம் இருந்தால்தான் பிள்ளை எடையோடு பிறக்கும், நாளைய தலைமுறை நன்றாக இருக்கும் என்று. உண்மைதான். ஆனாலும் என் கோரிக்கையை அந்தக் காரணத்தின் மேல் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. கல்யாணமே செய்துகொள்ளாத பெண்ணுக்கும், பிள்ளை இல்லாத பெண்ணுக்கும், பெற்று முடித்த பெண்ணுக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவர்கள் யாருக்காகவும் இல்லாமல் தங்களுக்காக நன்றாக இருக்க வேண்டும். பிள்ளையின் எடையைக் காட்டித்தான் ஒரு பெண்ணுக்கு முட்டை வாங்க முடியும் என்றால் பிள்ளை இல்லாத வருடங்களில் அவளுக்கு முட்டை கிடைக்காது. இன்று அதுதான் நடக்கிறது.

என் மாணவிகளிடம் திரும்ப வருகிறேன். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் தருகிறோம். நல்ல திட்டம். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு வலிக்கும். பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்கள் சத்துணவு சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்கிறார்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்கு மாத்திரை உண்டு, சோறு இல்லை. டப்பாவில் எலுமிச்சை சாதம் கொண்டுவந்தவள் போட்டுக்கொள்வாள். ஒன்றும் கொண்டுவராதவள் ஒரு முறை போட்டு வாந்தியெடுப்பாள், அடுத்த வாரம் வாயில் போடுவதுபோல் போட்டு ஜன்னலுக்கு வெளியே துப்புவாள். எங்கள் பதிவேட்டில் அவள் மாத்திரை சாப்பிட்டதாகத்தான் இருக்கும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிற பெண்களும் இருக்கிறார்கள். அது இயல்புதான், மாத்திரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும், உடனே டீ குடித்தால் சேராது என்று ஒரு வகுப்புநேரம் ஒதுக்கிச் சொன்னாலே நிறைய மாறும். எண்ணிக் கொடுத்த மாத்திரைகளின் கணக்கைக் கேட்பதுபோல, உள்ளே போன மாத்திரைகளைப் பற்றியும் எங்களைக் கேளுங்கள்.

ஆண்பிள்ளைகளுக்கும்தானே பதினொன்றில் சத்துணவு இல்லை என்று கேட்கலாம். அவர்களுக்கும் கொடுங்கள், முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் மதியம் பசித்தால் பையன் பள்ளி வாசலைத் தாண்டிப் போய் ஒரு பரோட்டாவோ இரண்டு வடையோ சாப்பிட்டுவிட்டு வருவான். அவன் கையில் பத்து ரூபாய் இருக்கும், கடையில் போய் நிற்க அவனுக்குக் கூச்சமும் இருக்காது. பெண்ணுக்கு இரண்டும் இல்லை. அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். கழிப்பறையின் நிலையை நினைத்து அந்தத் தண்ணீரையும் குறைவாகத்தான் குடிப்பாள்.

எனவே முதல் கோரிக்கை, எல்லாவற்றுக்கும் மேலான கோரிக்கை: அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மதிய உணவை நீட்டியுங்கள். ஒன்றிய அரசின் மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது. ஒன்பதும் பத்தும் நாமாகச் சேர்த்துக்கொண்டவை. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் தொடங்கியது, 1956இல் காமராசர் விரித்தது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தது. ஒவ்வொரு முறையும் பணம் எங்கே என்று கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் இந்த மாநிலம் வழி கண்டிருக்கிறது. புதிதாகச் சமையல்கூடம் கட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளில் அது இருக்கிறது, அமைப்பாளரும் சமையலரும் இருக்கிறார்கள். பணியிடங்களை நிரப்ப வேண்டும், அரிசியும் பருப்பும் முட்டையும் கூட வேண்டும். 14 முதல் 18 வயதுப் பெண்களுக்கான ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துத் திட்டத்தை, வடகிழக்கு மாநிலங்கள் நீங்கலாக, வளர்ச்சியில் பின்தங்கியவை என்று தேர்ந்தெடுத்த 'வளர்ச்சியை விழையும் மாவட்டங்களுக்கு' மட்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் அது விருதுநகரும் ராமநாதபுரமும். மற்ற மாவட்டங்களில் இருக்கிற பெண்களுக்கு நாம்தான் செய்ய வேண்டும். முட்டை மட்டும் ரத்தத்தை ஊறவைத்துவிடாது என்பது எனக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் கீரை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கூடவே ஒரு நெல்லிக்காய் சேருங்கள்.

சாப்பாட்டுக்குப் பதில் பணமாகக் கொடுத்துவிடலாமே என்ற யோசனை வரலாம். வேண்டாம். மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்கில் வருவது பெரிய விஷயம், அது நீடிக்க வேண்டும். ஆனால் நானறிந்த அம்மாக்கள் அந்த ஆயிரத்தில் தங்களுக்கென்று அரை டஜன் முட்டை வாங்கியதில்லை. மகளிர் குழுத் தவணை, பிள்ளையின் ஸ்கூல் பஸ், கேஸ் சிலிண்டர், மாமியாரின் மாத்திரை. வீட்டுக்குள் போகிற பணம் வீட்டின் வரிசைப்படிதான் செலவாகும், அந்த வரிசையில் அவள் கடைசி. அவள் கையில் வைத்த தட்டில் இருக்கிற சோறு மட்டும்தான் அவள் வயிற்றுக்குப் போகும்.

அடுத்தது மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அந்தப் பையில் ஹீமோகுளோபின் பார்க்கும் சிறு கருவி ஒன்றையும் வையுங்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும், கர்ப்பமாக இருக்கிறாளா இல்லையா என்று பார்க்காமல், வருடத்துக்கு இரண்டு முறை. கூடவே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை நாள் போகிறது, கட்டிகட்டியாகப் போகிறதா? நாற்பது வயதுக்கு மேல் அதிகப்படியாக உதிரம் போவதை நம் பெண்கள் வயதுக் கோளாறு என்று பொறுத்துக்கொண்டே இருந்துவிட்டு, ஹீமோகுளோபின் ஐந்தோ ஆறோ ஆனபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ரத்தம் ஏற்றி, அவசரமாகக் கருப்பையை எடுத்துவிட்டு அனுப்புகிறோம். இரண்டு வருடம் முன்பே யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பலருக்கு மாத்திரையிலேயே சரியாகியிருக்கும்.

பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்ற பேச்சும் காதில் விழுகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை கொண்டவர்கள் என்பதும் அதே கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. பாதிக்கு மேல் ரத்தசோகை, நாற்பது விழுக்காடு அதிக எடை. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்து இருக்கலாம். மிஞ்சிய சோறு, ரசம், மூன்று வேளை சர்க்கரை போட்ட டீ என்று சாப்பிடுகிறவளுக்கு வயிறு நிறையும், எடை ஏறும், ரத்தம் ஏறாது. குண்டாக இருக்கிறாள் என்பதாலேயே அவள் சோர்வை டாக்டர்கள்கூட நம்ப மறுக்கிறார்கள். நடைப்பயிற்சி போங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவளுக்கும் முதலில் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

ரேஷன் உங்கள் இருவரின் துறையும் இல்லை, இருந்தாலும் உங்கள் குரல் அங்கே போக வேண்டும். அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நான்கு பேர் கொண்ட வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 85 கிராம் பயறு, பருப்பு வகை வேண்டும் என்கிறது. பருப்பு குறைவாக இருக்கிற வீட்டில் சாம்பாரின் அடியில் தங்கும் பருப்பு யாருக்குப் போகும் என்று மேலே சொல்லிவிட்டேன். அரிசி தாராளமாகவும் பருப்பு சிக்கனமாகவும் இருக்கும்வரை அந்தச் சிக்கனம் பெண்ணின் தலையில்தான் விழும்.

ஆண்களிடம் பேசாமல் இதில் எதுவும் முழுதாக நடக்காது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்காகச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். சமைப்பதற்கும் பரிமாறுவதற்கும் கழுவுவதற்கும் நடுவில் அவள் உட்கார்ந்து சாப்பிட நேரம் எங்கே? சமுதாய வளைகாப்பு நடத்துகிறீர்களே, அந்த மேடைக்குக் கணவரையும் மாமியாரையும் கட்டாயம் அழையுங்கள். அவர்கள் எதிரில் அவளுடைய ஹீமோகுளோபின் எண்ணைப் பற்றிப் பேசுங்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிடும் வீட்டில் கறித்துண்டு இயல்பாகவே பகிரப்படும் என்று சொல்லுங்கள். பள்ளிகளில் நாங்கள் பையன்களிடம் சொல்கிறோம். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் வீட்டுக்குப் போய் அக்காவோடு சேர்ந்து சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். எங்கள் பேச்சுக்கே இவ்வளவு என்றால், அரசு விளம்பரம் செய்து சொன்னால் இன்னும் எவ்வளவோ நடக்கும்.

ஜூனில் பள்ளி திறக்கும். பத்தாம் வகுப்பு தேறிய பெண்கள் எங்களிடம் சேர வருவார்கள். அதற்குள் மாநிலம் முழுவதும் முடியாது என்றால், ரத்தசோகை அதிகமாக உள்ள மாவட்டங்களில் இந்த ஆண்டே தொடங்குங்கள். தொடங்கும் நாளில் ஒவ்வொரு மாணவிக்கும் ஹீமோகுளோபின் பாருங்கள், ஆண்டு முடிவில் இன்னொரு முறை பாருங்கள், பள்ளிவாரியாக அந்த எண்களை வெளியிடுங்கள். பரிசோதனைக்கு ஆள் வேண்டும் என்றால் உயிரியல் ஆசிரியர்கள் நாங்கள் உதவுகிறோம். சத்துணவுப் பதிவேட்டில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இரண்டு பத்திகள் சேர்க்கும் அரசாணையை மட்டும் நீங்கள் பிறப்பியுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியை